லண்டனிலேயே ஓடாத உள்ளூர் டிவி: லண்டன் லைவ் சேனலின் கணக்கு

கேள்வி இதுதான்: "லண்டன் மாதிரி பணம் புழங்கும் நகரத்திலேயே லண்டன் லைவ் என்ற உள்ளூர் சேனல் நஷ்டத்தில் மூடப்பட்டதாமே, ஏன்? எங்கள் ஊரில் நண்பர் ஒருவர் லோக்கல் சேனல் தொடங்குகிறார், கூட்டாகப் பணம் போடச் சொல்கிறார். உள்ளூர் டிவி என்பதே ஆகாத தொழிலா?"

ஆகாத தொழில் இல்லை. ஆனால் அது தன் காலில் நிற்கும் தொழிலும் இல்லை. உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எந்த உள்ளூர் சேனலை எடுத்துப் பார்த்தாலும், அதன் பின்னால் வேறொரு தொழிலோ நிறுவனமோ செலவைத் தாங்கிக்கொண்டிருக்கும். லண்டன் லைவைத் தாங்கியது ஒரு செய்தித்தாள், அந்தச் செய்தித்தாளே மூழ்கிக்கொண்டிருந்தது. சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் கதை சுவாரசியமானது, உங்கள் நண்பருக்கும் உதவும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

2010 மே மாதம் பிரிட்டனில் ஆட்சி மாறியது. கலாசாரத் துறை அமைச்சராக ஜெரமி ஹண்ட் வந்தார். அவருக்கு ஓர் ஆதங்கம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்திலும் பர்மிங்ஹாம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பிரிட்டனின் பர்மிங்ஹாமைவிடப் பல மடங்கு சின்னது. அங்கே எட்டு உள்ளூர் டிவி நிலையங்கள் இருக்கும்போது, நம் பர்மிங்ஹாமில் ஒன்றுகூட இல்லையே என்று மேடைகளில் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மொத்தத் திட்டமும் இந்த ஒப்பீட்டின் மேல்தான் எழுந்தது, ஒப்பீடோ அடிப்படையிலேயே தவறு.

அலபாமா பர்மிங்ஹாமின் நிலையங்களை உள்ளூர் சேனல் என்று நாம் சொல்லும்போது, நம் ஊர் கேபிள்காரர் நடத்தும் சேனல் மாதிரி ஒன்றுதான் மனதில் வருகிறது. அவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் நாடு முழுக்க ஓடும் ஒரு பெரிய டிவி நெட்வொர்க்கோடு இணைந்தது. ஒன்று என்பிசியோடு, இன்னொன்று சிபிஎஸ், இன்னொன்று ஏபிசி, இன்னொன்று ஃபாக்ஸ். மாலை நேரத் தொடரும் அமெரிக்கக் கால்பந்தும் நெட்வொர்க்கிலிருந்து வந்துவிடும். அதைப் பார்க்க ஊரே உட்கார்ந்திருக்கும். நடுவில் உள்ளூர்ச் செய்தி போட்டால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கூட்டம் அப்படியே பார்க்கும். அந்தச் செய்தி நேரத்தில் உள்ளூர் கார் வியாபாரி, விபத்து வழக்கு வக்கீல், மருத்துவமனை எல்லாரும் விளம்பரம் கொடுப்பார்கள்.

இது போக இரண்டு வருமானங்கள். 1992-இல் வந்த அமெரிக்கக் கேபிள் சட்டப்படி, ஒரு நிலையத்தின் ஒளிபரப்பைக் கேபிள் நிறுவனம் எடுத்துக் காட்ட வேண்டுமானால் நிலையத்தின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு மாதாமாதம் சந்தாதாரர் கணக்கில் காசு வாங்கலாம். இரண்டாவது, தேர்தல் விளம்பரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசியல்வாதிகள் கொட்டும் பணத்தில் அடுத்த ஒன்றரை வருடத்தை ஓட்டிவிடும் நிலையங்கள் அங்கே உண்டு. பிரிட்டனில் டிவியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்ய முடியாது, சட்டமே தடுக்கிறது. நெட்வொர்க் இல்லை, கேபிள் சம்மதக் கட்டணம் இல்லை, தேர்தல் பணம் இல்லை. மூன்று கால்களும் இல்லாத நாற்காலியைப் பார்த்து "அங்கே உட்காருகிறார்களே" என்று சொன்ன மாதிரிதான் அமைச்சரின் ஒப்பீடு.

அமெரிக்கா மாதிரி ஓர் அமைப்பு பிரிட்டனில் முன்பு இருக்கவே செய்தது, அதுதான் ஐடிவி. 1955-இல் தொடங்கிய அந்த வணிகத் தொலைக்காட்சி, பகுதிக்கு ஒரு கம்பெனி என்ற முறையில் நடந்தது. லண்டனில் வார நாட்களுக்கு உரிமம் பெற்ற அசோசியேட்டட் ரீடிஃப்யூஷன் முதல் இரண்டு வருடத்தில் பெரும் நஷ்டம் பார்த்தது. அதில் பங்கு வைத்திருந்த டெய்லி மெயில் குழுமம் பயந்துபோய்ப் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டு வெளியேறியது. கொஞ்ச காலத்திலேயே லாபம் கொட்டத் தொடங்கியது. ஸ்காட்லாந்து உரிமத்தை வாங்கிய ராய் தாம்சன், இது பணம் அச்சடிக்கும் உரிமம் என்று சொன்னது அந்தக் காலத்தில்தான். "ஆரம்பத்தில் நஷ்டம் வரும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் பிறகு கொட்டும்" என்ற நம்பிக்கை பிரிட்டிஷ் ஊடக முதலாளிகள் மனதில் ஊறியதற்கு அந்த 1950-களின் கதைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஐடிவியில் விளம்பரம் செய்வதைத் தவிர விளம்பரதாரருக்கு டிவியில் வேறு இடமே இல்லை. பிறகு அந்தப் பகுதிக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி, 2004-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கவும் கிட்டத்தட்ட ஒரே ஐடிவி கம்பெனி ஆனது. லண்டன் பகுதிக்கு மட்டும் விளம்பரம் செய்யும் வசதியை அது விடாமல் வைத்துக்கொண்டது. அதாவது, 'லண்டன்காரர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்ட வேண்டும்' என்று வருபவருக்கு ஏற்கெனவே ஒரு கடை திறந்திருந்தது.

லண்டனுக்கென்று தனி சேனல் தொடங்கியதும் 2014-இல் முதல்முறை இல்லை. அதே டெய்லி மெயில் குழுமம் 1994-இல் சேனல் ஒன் என்று கேபிளில் ஒரு லண்டன் செய்திச் சேனல் தொடங்கியது. ஒரே ஆள் கேமரா தூக்கி, பேட்டி எடுத்து, எடிட்டும் செய்யும் முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அவர்கள். 1998-இல் மூடினார்கள். மிரர் பத்திரிகைக் குழுமம் 1995-இல் லண்டனின் கனரி வார்ஃப் கோபுரத்திலிருந்து, நாடு முழுக்கக் கேபிளில் தெரியும் லைவ் டிவி நடத்தியது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் முயல் வேடம் போட்ட ஒருவர் நின்று, நல்ல செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்துவார், கெட்ட செய்திக்குக் கீழே காட்டுவார். நிஜமாகத்தான் சொல்கிறேன். அதுவும் 1999-இல் போனது. கவனியுங்கள், இரண்டுமே செய்தித்தாள் கம்பெனிகள். நிருபர்கள் இருக்கிறார்கள், விளம்பரம் பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கேமரா ஒன்று வாங்கினால் டிவி ஆகிவிடும் என்ற அதே கணக்கு.

இப்போது 2010-க்கு வருவோம். ஹண்ட் இதைப் பற்றி ஆராய லசார்ட் முதலீட்டு வங்கியின் நிக்கோலஸ் ஷாட் என்பவரிடம் ஓர் அறிக்கை கேட்டார். வங்கிக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னது உற்சாகமான பதில் அல்ல. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி இது ஓடாது, சில பெரிய நகரங்களில் செலவை மிகக் குறைவாக வைத்து, வெளியிலிருந்து உதவியும் இருந்தால் ஒருவேளை நடக்கலாம் என்ற ரகம். அரசாங்கம் அதில் 'நடக்கலாம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, உதவிக்குப் பிபிசியின் பக்கம் திரும்பியது. டிவி வைத்திருக்கும் வீடுகள் பிபிசிக்காகக் கட்டுவது லைசென்ஸ் கட்டணம். அந்த வருடம் அதைப் பற்றி அரசாங்கத்துக்கும் பிபிசிக்கும் நடந்த பேரத்தில், உள்ளூர் டிவிக்கு ஒளிபரப்புக் கட்டமைப்பு அமைக்க 2.5 கோடி பவுண்டு வரையும், அப்புறம் மூன்று வருடத்துக்கு ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு வரையும் பிபிசி தர வேண்டும் என்று முடிவானது. அந்த 50 லட்சம் மானியம் என்ற பெயரில் வரவில்லை. உள்ளூர் சேனல்கள் எடுக்கும் செய்திக் காட்சிகளைப் பிபிசி விலைக்கு வாங்க வேண்டும் என்ற பெயரில் வந்தது. வாங்கியதில் பெரும்பகுதி பிபிசி திரையில் வரவே இல்லை என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. பல சின்னச் சேனல்களுக்கு நிச்சயமான வருமானம் என்று இருந்தது அது ஒன்றுதான். மூன்று வருடம் கழித்து அது நின்றுபோகும் என்பது முதல் நாளே தெரியும்.

கட்டமைப்பு விஷயத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அதைப் பாராட்டாமல் போக முடியாது. டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு அலைவரிசைக்குள் பல சேனல்களை அடைப்பதை மல்ட்டிபிளெக்ஸ் என்பார்கள். உள்ளூர் டிவிக்குக் கிடைத்தது பெரிய ஒளிபரப்பாளர்களின் அலைவரிசைகளுக்கு இடையில் அந்தந்த ஊரில் மட்டும் காலியாகக் கிடந்த இடுக்குகள். அந்த இடத்தில் மூன்று சேனல்தான் கொள்ளும். ஒன்று உள்ளூர்ச் சேனலுக்கு. மீதி இரண்டை தேசிய அளவிலான சேனல்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் உள்ளூர்ச் சேனலின் ஒளிபரப்புச் செலவைக் குறைப்பது. இதை நடத்த காமக்ஸ் என்று ஒரு அமைப்பு, உள்ளூர்ச் சேனல்களே அதில் பங்காளிகள். பழைய படங்கள் போடும் டாக்கிங் பிக்சர்ஸ் டிவி இப்படி வாடகைக்கு வந்து உட்கார்ந்ததுதான், பிறகு நாடு முழுக்கப் பிரபலமானது. உள்ளூர் டிவித் திட்டத்தில் உருப்படியாக வளர்ந்தது அந்த வாடகைக்காரர்தான் என்று சிலர் கிண்டலாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஒளிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம் 2012-இல் ஊர் ஊராக உரிமங்களை வழங்கத் தொடங்கியது. லண்டனுக்குத்தான் கடும் போட்டி, ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள். 2013 பிப்ரவரியில் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையின் உரிமையாளர் எவ்கெனி லெபெடெவின் நிறுவனத்துக்குக் கிடைத்தது. லெபெடெவ் குடும்பம் அந்தப் பத்திரிகையை 2009-இல் வாங்கியது யாரிடமிருந்து? சேனல் ஒன் நடத்தி மூடிய அதே டெய்லி மெயில் குழுமத்திடமிருந்து. வாங்கிய அதே வருடம் அக்டோபரில் பத்திரிகையை இலவசமாக்கினார்கள். சுரங்க ரயில் நிலைய வாசலில் நின்று மாலையில் கையில் திணிப்பார்கள். 2014-இல் நாளொன்றுக்கு சுமார் 9 லட்சம் பிரதிகள். இத்தனை கைகளுக்குப் போகும் பத்திரிகை சேனலுக்கு விளம்பரம் செய்யும், சேனல் பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கும், ஒரே ஆள் போய் இரண்டையும் சேர்த்து விற்பார். காகிதத்தில் நல்ல திட்டம்.

உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. போட்டியாளரை முந்துவதற்காக வாக்குறுதிகளை அள்ளி வீசுவது. தினம் இத்தனை மணி நேரம் லண்டன் நிகழ்ச்சி, மாலை முக்கிய நேரத்தில் மூன்று மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அது அப்படியே உரிம நிபந்தனை ஆகிவிட்டது. வாக்குறுதி கொடுத்தவர் மார்க்கெட்டிங் ஆள், நிறைவேற்ற வேண்டியவர் தயாரிப்பு ஆள். நம் ஊர் டெண்டர்களிலும் பார்க்கிற விஷயம்தான்.

2014 மார்ச் 31 மாலை ஆறரை மணிக்கு லண்டன் லைவ் ஒளிபரப்பு தொடங்கியது. கென்சிங்டனில் பத்திரிகை அலுவலகக் கட்டடத்திலேயே ஸ்டுடியோ. ஆன்டெனா மூலம் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீவியூவில் எட்டாம் எண். ஐந்து முதன்மைச் சேனல்களுக்கு அருகில் இருக்கும் அந்த எண்ணுக்காகக் கோடிகள் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. இலக்கு வைத்த நேயர்கள் 16 முதல் 34 வயது வரையுள்ள இளைஞர்கள். காலையில் அரட்டைக் காட்சி, மாலையில் நேரலைச் செய்தி, இரவில் நகரத்தின் இரவு வாழ்க்கை, சாப்பாடு, நகைச்சுவை. நடுவே, சேனல் 4 என்ற தேசியச் சேனலில் முன்பு ஓடிய காமெடித் தொடர்கள்.

என்னைக் கேட்டால் சேனல் தோற்றது இந்த வயதுத் தேர்வில்தான். 2014-இல் அந்த வயதுக்காரர்கள் ஏற்கெனவே யூடியூபுக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆன்டெனா வைத்து ஃப்ரீவியூ பார்ப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். விளம்பர ஏஜென்சிக்கு இளைஞர்தான் வேண்டும் என்பதால் இளைஞரை இலக்காக எழுதினார்கள், ஆனால் இளைஞர் இருக்கும் இடத்தில் அந்தச் சேனல் இல்லை.

முதல் சில வாரங்களிலேயே செய்தித்தாள்களில் வந்துவிட்டது: லண்டன் லைவின் சில நிகழ்ச்சிகளுக்கு நேயர் எண்ணிக்கை பூஜ்யம். கேட்டவர்கள் சிரித்தார்கள், "80 லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?" என்று. அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிட்டனில் நேயர் கணக்கு எடுப்பது பார்ப் என்ற அமைப்பு. அன்றைக்கு நாடு முழுக்க சுமார் 5,100 வீடுகளில் மீட்டர் வைத்து, அதிலிருந்து மொத்த நாட்டுக்கும் பெருக்கிக் கணக்கிட்டார்கள். அதில் லண்டன் வீடுகள் நூற்றுக்கணக்கில்தான் வரும். அந்த வீடுகளில் ஒருவரும் அந்த நேரத்தில் அந்தச் சேனலை வைக்கவில்லை என்றால் பூஜ்யம். நிஜத்தில் இரண்டாயிரம் பேர் பார்த்திருக்கலாம், மீட்டருக்குத் தெரியாது. தேசிய சேனலுக்கு இந்த முறை சரி. ஒரே ஊரில் மட்டும் தெரியும் சின்னச் சேனலுக்கு இது கொடூரமானது. ஒரு வாரம் இரண்டு வீடுகள் பார்த்தால் எண்ணிக்கை துள்ளும், அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தால் பூஜ்யம்.

ஆனால் ஏஜென்சிக்கு அந்த எண்தான் பணம். பிரிட்டனில் டிவி விளம்பரம் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற விலையில் விற்கப்படுகிறது. பார்வை பூஜ்யம் என்றால் விற்க சரக்கு இல்லை. இதைத் தவிர்க்க, சின்ன ஊர்களின் சேனல்கள் பல பார்ப் பக்கமே போகவில்லை. உள்ளூர் ஃபர்னிச்சர் கடைக்காரரிடம் நேரே போய், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள். எண் இல்லாவிட்டால் நம்பிக்கையை விற்கலாம், எண் வந்துவிட்டால் எண்ணைத்தான் விற்க வேண்டும். லண்டன் லைவ் பெரிய ஆட்டம் ஆட வந்ததால் எண்ணோடு வந்தது.

இங்கே லண்டனின் குணத்தையும் சொல்ல வேண்டும். லண்டனுக்கு உள்ளூர் என்று ஒன்று கிடையாது. தெற்கு லண்டன் குரோய்டனில் இருப்பவருக்கு வடக்கு லண்டன் என்ஃபீல்டில் நடக்கும் சாலை வேலையில் அக்கறை இல்லை. குரோய்டன் ஃபர்னிச்சர் கடைக்காரருக்கு என்ஃபீல்ட் வாடிக்கையாளர் வரமாட்டார், அவருக்கு மொத்த லண்டனுக்கும் விளம்பரம் வாங்குவது வீண் செலவு. மொத்த லண்டனுக்கும் விளம்பரம் வாங்கக்கூடிய பெரிய கம்பெனிகளோ ஐடிவி லண்டனிலும் சேனல் 4-இலும் வாங்குகின்றன. ஆக, சின்னவருக்குப் பெரியது, பெரியவருக்குச் சின்னது. நகரம் பெரிதாக இருந்தால் உள்ளூர் சேனலுக்கு நல்லது என்ற கருத்து எனக்கு எப்போதுமே சந்தேகம். மூன்று லட்சம் பேர் உள்ள, பக்கத்தில் வேறு பெருநகரம் இல்லாத ஊர்தான் இதற்கு வாகானது.

தொடங்கிய சில மாதத்திலேயே பணம் கசிவது தெரிந்துவிட்டது. நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த முக்கியமானவர்கள் வெளியேறினார்கள். மாலை முக்கிய நேரத்தின் மூன்று மணி நேர உள்ளூர் நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாகக் குறைக்க அனுமதி வேண்டும் என்று நிறுவனம் ஆஃப்காமிடம் கேட்டது. உரிமத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "இதை முன்பே சொல்லியிருந்தால் நாங்களும் குறைவாகச் சொல்லியிருப்போமே" என்று அவர்களுக்கு ஆத்திரம். ஆஃப்காம் மறுத்துவிட்டது. அடுத்து நடந்தது வழக்கமானது. 2015 தொடக்கத்தில் ஊழியர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு வேலை போனது. நேரலை நிகழ்ச்சிகள் சுருங்கின, மறுஒளிபரப்பு பெருகியது. பிற்பாடு உள்ளூர்ச் சேனல்கள் பலவற்றுக்கும் ஆஃப்காம் நிபந்தனைகளைத் தளர்த்தத்தான் செய்தது.

அப்புறம் ஒரு வேடிக்கை. சேனலை அடுத்த பத்து வருடம் இழுத்துக்கொண்டு போனது பழைய கறுப்பு வெள்ளை பிரிட்டிஷ் படங்கள். பகல் நேரத்தில் 1940-கள், 50-களின் படங்களைப் போட ஆரம்பித்ததும் நேயர்கள் வந்தார்கள். உரிமை விலை மலிவு, ஸ்டுடியோ வேண்டாம், தொகுப்பாளர் வேண்டாம். லண்டன் தெருக்களில் எடுத்த படம் என்றால் 'லண்டன் நிகழ்ச்சி' என்று சொல்லவும் கொஞ்சம் இடம் உண்டு. இளைஞர் சேனலாகப் பிறந்து, ஓய்வு பெற்றவர்களின் மதியப் படச் சேனலாக வாழ்ந்தது. லாபம் தராவிட்டாலும் இப்படி நஷ்டத்தைச் சுருக்கி வைத்துக்கொள்ள முடிந்தது. மீதியைத் தாங்கியது உரிமையாளரின் பணம்.

அந்தத் தாங்குதல் எப்போது நின்றது? பத்திரிகை விழுந்தபோது. கோவிட்டுக்குப் பிறகு லண்டன்காரர்கள் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் போவது குறைந்தது. சுரங்க ரயிலுக்குள் வைஃபை வந்துவிட்டதால், கையில் திணித்த பத்திரிகையைப் படிக்காமல் போனைப் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளில் 8 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் என்று நிறுவனமே சொல்லி, 2024-இல் தினசரி அச்சுப் பதிப்பை நிறுத்தி வாரப் பத்திரிகை ஆக்கியது. தாய்க்கே இந்த நிலை என்றபோது பிள்ளைக்குச் சோறு எங்கிருந்து வரும்? 2025 ஜனவரியில் லண்டன் லைவ் நிறுத்தப்பட்டது. அந்த இடத்தில் பல நகரங்களில் சேனல் நடத்தும் வேறொரு கம்பெனியின் லண்டன் டிவி வந்து உட்கார்ந்தது.

மற்ற ஊர்களில் நடந்ததையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமைச்சர் உதாரணம் காட்டிய பர்மிங்ஹாமில் உரிமம் வாங்கிய கம்பெனி, ஒரு நிமிடம்கூட ஒளிபரப்பாமலே 2014-இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அந்த உரிமம் கைமாறி 2015-இல்தான் அங்கே சேனல் வந்தது. லிவர்பூலில் தொடங்கிய சேனல் இரண்டு வருடத்துக்குள் அதே கதி. நார்விச்சில் உள்ளூர்ப் பத்திரிகை நடத்திய மஸ்டர்ட் டிவி 2017-இல் விற்கப்பட்டது. பணம் அச்சடிக்கும் உரிமம் என்று சொல்லப்பட்ட அதே ஸ்காட்லாந்து எஸ்டிவி, கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் நகரச் சேனல் தொடங்கி, பிறகு எல்லாவற்றையும் எஸ்டிவி2 என்று ஒன்றாக்கி, 2018-இல் மூடியது. ஸ்டுடியோ, நிருபர், விளம்பரப் பிரிவு எல்லாம் கையில் இருந்த டிவி கம்பெனிக்கே முடியவில்லை. அதே 2018-இல் ஆஃப்காம், இனிமேல் புதிய ஊர்களுக்கு உரிமம் விளம்பரப்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தது.

தப்பித்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, பல ஊர் உரிமங்களை மலிவாக வாங்கிச் சேர்த்து, எல்லா ஊருக்கும் ஒரே மையத்திலிருந்து பழைய காமெடியும் பாட்டும் போட்டு, நடுவில் நிபந்தனைக்குத் தேவையான அளவு உள்ளூர்ச் செய்தியைச் செருகுபவர்கள். இவர்களுக்கு ஊர் முக்கியமில்லை, ரிமோட்டில் கிடைத்த அந்த முன்வரிசை எண்தான் சொத்து. இரண்டாவது, பல்கலைக்கழகங்கள். நாட்டிங்ஹாமில் 2014 மே மாதம் தொடங்கிய நாட்ஸ் டிவியின் பின்னால் நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கென்ட்டில் கேஎம்டிவியை உள்ளூர்ப் பத்திரிகைக் குழுமமும் கென்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கின. இதழியல் மாணவர்களுக்கு அது பயிற்சிக்கூடம். சேனல் லாபம் காட்டாவிட்டாலும் "எங்கள் மாணவர்கள் நிஜ நியூஸ்ரூமில் படிக்கிறார்கள்" என்று சொல்வதில் பல்கலைக்கழகத்துக்கு ஆதாயம் இருக்கிறது. அந்தச் செலவை அவர்கள் டிவிச் செலவாகப் பார்ப்பதில்லை, கல்விச் செலவாகப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் லோக்கல் கேபிள் சேனல் பல ஊர்களில் முப்பது வருடமாக ஏதோ ஒரு வடிவத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காரணம், கேபிள் வயரை வைத்திருப்பவரே சேனலையும் நடத்தினார். வருமானம் வீட்டுக்கு வீடு வசூலிக்கும் மாதச் சந்தாவில் வந்தது. சேனல் அதன் மேல் ஒரு உபரி. டிவிடி போட்டுப் படம் ஓட்டி, கீழே ஸ்க்ரோலிங்கில் காதணி விழா வாழ்த்தும் மனை விற்பனையும் ஓடவிட்டால் செலவு ஒன்றும் பெரிதில்லை. தேர்த் திருவிழா நேரலைக்கு ஊரே பார்க்கும். (அனுமதி இல்லாமல் படம் போட்டு வழக்கு வாங்கியவர்களும் உண்டு. அதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்த நிலைமை மாறிவிட்டது. ஊர் ஆபரேட்டரின் சொந்தக் கட்டுப்பாட்டு அறை போய், சிக்னல் பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்டிலிருந்து, அதாவது எல்லாச் சேனல்களையும் சேர்த்து அனுப்பும் மையத்திலிருந்து, வருகிறது. 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியபின் சந்தாவில் ஆபரேட்டருக்கு இருந்த பிடியும் தளர்ந்தது. இப்போது லோக்கல் சேனல் வைக்க வேண்டுமானால் அந்த ஹெட்எண்டில் இடம் வாங்கி, அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். வயர் வேறொருவருடையது, சேனல் மட்டும் நம்முடையது. லண்டன் லைவ் நின்ற இடத்துக்குக் கிட்டத்தட்ட நம் ஊர் சேனலும் வந்துவிட்டது. ஒரு வித்தியாசம், நமக்குத் தேர்தல் விளம்பரம் உண்டு. மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன் அனுமதி பெற்றுப் போடலாம். அந்த ஒரு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருட வருமானம் என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நண்பரிடம் என்ன கேட்பது? கேமரா என்ன மாடல், ஸ்டுடியோ எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் விடுங்கள். ஹெட்எண்ட் இடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு, கட்டணத்தை யார் எப்போது உயர்த்தலாம் என்று பாருங்கள். சேனலைத் தாங்கப்போகும் இன்னொரு தொழில் என்ன என்று கேளுங்கள். கல்யாண வீடியோ, எல்இடி திரை வாடகை, பிராட்பேண்ட் இணைப்பு, அச்சகம், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லை, சேனல் தானே சம்பாதிக்கும் என்றால் உங்கள் பணம்தான் அந்த இன்னொரு தொழில். யூடியூபில் அதே நிகழ்ச்சிகளை ஆறு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, ஊரில் எத்தனை கடைக்காரர்கள் இரண்டாவது முறையும் விளம்பரம் தருகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். முதல்முறை தருபவர் நட்புக்காகத் தருவார்.

கடைசியாக, மாத வாரியாக வரவு செலவு எழுதித் தரச் சொல்லுங்கள். அட்சய திருதியைக்கு நகைக்கடை வரும், ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக்கடை வரும், ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிச் சேர்க்கை விளம்பரம் வரும். பொங்கல் முடிந்ததிலிருந்து பள்ளிக்கூட விளம்பரம் தொடங்கும்வரை இருக்கும் இரண்டு மாதத்துக்குக் கேமராமேன், எடிட்டர், செய்தி வாசிப்பவர் மூவருக்கும் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.